முதியோர் பராமரிப்பு இல்லத்துல உங்க ஆளை விடறதுக்கு முன்னாடியும் விட்ட பிறகும் எதையெல்லாம் பாக்கணும்

எங்க பெரியம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் விழுந்துபோச்சு, கூடவே மறதியும் ஆரம்பிச்சிருந்துச்சு, வீட்ல வெச்சுப் பாத்துக்க முடியல. நாலு பராமரிப்பு இல்லம் போய்ப் பாத்தோம், அதுல பாக்க ரொம்ப நல்லா இருந்ததைத்தான் எடுத்தோம். பளபளன்னு தரை, ரிசப்ஷன்ல சிரிச்ச முகமா ரெண்டு பேர், ரூமுக்கு ரூம் டிவி. ஆறாவது வாரம் நான் துணி மாத்திவிடும்போது பாக்குறேன், முதுகுத்தண்டு முடியற எடத்துல உள்ளங்கை அளவுக்குப் புண்ணு. யாருமே எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அங்கிருந்து மாத்தி வேற எடத்துல விட்டோம், அது பழைய கட்டடம், சுவர்ல பெயிண்ட் உரிஞ்சிருக்கும், ஆனா அங்க இருந்த ரெண்டரை வருஷத்துல அவங்க உடம்புல ஒரு புது புண்ணு வரல. அந்த ரெண்டு எடத்துக்கும் நடுவுல என்ன வித்தியாசம்னு அப்புறம் உக்காந்து யோசிச்சும் நர்ஸுங்ககிட்ட கேட்டும் கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதறேன், தேடிக்கிட்டு இருக்கிறவங்களுக்கு உதவும்.

1966ல அவேடிஸ் டொனபீடியன்னு ஒரு டாக்டர் மருத்துவப் பராமரிப்போட தரத்தை மூணா பிரிச்சுப் பாக்கணும்னு எழுதினார். என்ன வசதி இருக்கு, என்ன செய்யறாங்க, அதனால அந்த ஆளுக்கு என்ன ஆச்சு. நம்ம சுத்திப் பாக்கப் போனா காட்டறது முதல் விஷயத்தை மட்டும்தான், கட்டில், பாத்ரூம், தோட்டம் இப்படி. மத்த ரெண்டையும் நாமதான் தோண்டிக் கண்டுபிடிக்கணும், அதுக்கு ஏற்கனவே அங்க இருக்கிற பெரியவங்களோட உடம்பையும் அவங்க நாள் எப்படிப் போகுதுங்கறதையும் பாக்கணும்.

முதல்ல எப்போ போறதுன்னு சொல்றேன். ஒரு தடவை சொல்லிட்டுப் போங்க, ரெண்டாவது தடவை சொல்லாம போங்க. லீவு நாள் சாயங்காலம் போனா ரொம்ப நல்லது, ஏன்னா அப்போ மேனேஜர் இருக்க மாட்டாங்க, ஸ்டாஃப் கம்மியா இருக்கும், அதோட டிமென்ஷியா, அதாவது மறதி நோய் இருக்கிறவங்களுக்கு இருட்டற நேரத்துலதான் பதட்டமும் குழப்பமும் கூடும், அந்த நேரத்துல அங்க வேலை பாக்கிறவங்க எப்படி நடந்துக்கறாங்கன்னு தெரிஞ்சிடும். சாப்பாட்டு நேரத்துல ஒரு தடவை கட்டாயம் போங்க. விசிட்டர் டைம் தவிர யாரும் வரக்கூடாது, உள்ள போக முடியாது, ரூமை எட்டிப் பாக்க முடியாதுன்னு கறாரா சொல்ற எடம்னா நான் அதோட திரும்பி வந்துடுவேன். தொத்துநோய் பரவும்போது தற்காலிகமா கட்டுப்பாடு போட்டா அது நியாயம், எப்பவுமே அப்படின்னா நியாயம் இல்ல.

உள்ள போனதும் மூக்கு முதல்ல வேலை செய்யட்டும். ஒரு ரூம்ல யூரின் நாத்தம் வந்தா யாருக்கோ அப்பத்தான் டயப்பர் மாத்தணும்னு அர்த்தம், அது எங்கயும் நடக்கும். காரிடார் முழுக்க, போற ரெண்டு தடவையும் அதே நாத்தம் இருந்தா, மாத்தறதுக்கு ஆள் இல்லைன்னு அர்த்தம். தூக்கலா பினாயில் வாசமோ ரூம் ஸ்ப்ரே வாசமோ அடிச்சாலும் அதுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு இன்னும் கொஞ்சம் நின்னு பாருங்க.

அப்புறம் காது. காலிங் பெல் அடிச்சா எவ்ளோ நேரத்துல ஆள் வராங்க? போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டுக்கிட்டு ஓரமா உக்காந்துடுங்க. ஒரு தடவை லேட் ஆனா வேற யாருக்கோ வேலையா இருப்பாங்க, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம் ஆச்சுன்னா அது பெரிய பிரச்சனை, ஏன்னா பாத்ரூம் போகணும்னு கூப்பிட்டு யாரும் வராததால தானே எந்திரிச்சுப் போய் விழறவங்க நிறைய. பெல்லே படுத்திருக்கிறவங்க கைக்கு எட்டற எடத்துல இருக்கான்னும் பாருங்க, எங்க பெரியம்மாவுக்கு வலது கை வேலை செய்யாது, அந்த முதல் எடத்துல பெல்லை வலது பக்கமே மாட்டி வெச்சிருந்தாங்க, நாங்களும் அப்போ கவனிக்கல.

அங்க இருக்கிற பெரியவங்களைப் பாருங்க, ஆனா முறைச்சுப் பாக்காம, வணக்கம் சொல்லிப் பேசிக்கிட்டே. நகம் வெட்டியிருக்கா, நகத்துக்கு அடியில அழுக்கு இருக்கா, கண்ணாடி தொடைச்சிருக்கா, காது மெஷின் காதுல இருக்கா இல்ல டிராயர்ல இருக்கா, பல்செட் போட்டிருக்காங்களா, உதடு வறண்டு வெடிச்சிருக்கா, கால்ல வழுக்காத செருப்பு இருக்கா, போட்டிருக்கிற துணி அவங்களோடதா. இதெல்லாம் சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா ஒவ்வொண்ணும் ஒரு ஆள் அஞ்சு நிமிஷம் அவங்களோட உக்காந்தா மட்டும் நடக்கிற வேலை. அதுலயும் வாய் சுத்தம் ரொம்ப முக்கியம், வாய்ல சேர்ற கிருமி எச்சிலோட நுரையீரலுக்குள்ள போய் நிமோனியா வரலாம், படுக்கையில இருக்கிறவங்களுக்கு பல் தேய்ச்சு விடறாங்களா, ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு கேட்டுப் பாருங்க, பதில் வர்ற வேகத்துலயே தெரிஞ்சிடும்.

ஸ்டாஃப் பேசறதையும் கவனிங்க. கதவைத் தட்டிட்டு உள்ள போறாங்களா, தொடறதுக்கு முன்னாடி "இப்போ உங்களைத் திருப்பப் போறேன்"னு சொல்றாங்களா, பேர் சொல்லியோ மரியாதையாவோ கூப்பிடறாங்களா, இல்ல "நாலாம் நம்பர் பெட்"னு சொல்றாங்களா. ரெண்டு பேர் சேந்து ஒருத்தரைத் தூக்கும்போது அவங்க தலைக்கு மேல தங்களுக்குள்ள கதை பேசிக்கிட்டே தூக்கறாங்கன்னா, யாரும் பாக்காதப்போ இன்னும் மோசமாத்தான் இருக்கும்.

இப்போ தோல் விஷயம், இதைக் கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா ஒரு இல்லத்தோட உண்மையான தரம் படுக்கையில இருக்கிறவங்க தோல்லதான் தெரியுது. ஒரே பக்கமா படுத்தா எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவுல தோல் நசுங்கும், ரத்த ஓட்டம் நிக்கும், சில மணி நேரத்துலயே திசு செத்துப்போக ஆரம்பிக்கும். முதுகு அடியில வால் எலும்பு பக்கம், குதிகால், இடுப்பு எலும்பு, முழங்கை, தோள்பட்டைப் பின்பக்கம், பின்மண்டை, இதெல்லாம்தான் புண்ணு வர்ற எடம். முதல் நிலையில தோல் கிழியாது, செவந்து இருக்கும், விரலால அழுத்தி எடுத்தாலும் அந்த செவப்பு வெளுக்காது. நம்ம மாதிரி கருப்பு, மாநிறத் தோல்ல செவப்பு சரியா தெரியாது, அதனால சுத்தி இருக்கிற எடத்தை விட கருத்திருக்கா, சூடா இருக்கா, கெட்டியா இல்ல சொதசொதன்னு இருக்கா, தொட்டா வலிக்குதான்னு பாக்கணும். ரெண்டாவது நிலையில மேல்தோல் போயிடும், மூணாவதுல கொழுப்பு வரைக்கும், நாலாவதுல தசை, எலும்பு வரைக்கும் போயிடும்.

அதனால கேக்க வேண்டிய கேள்வி, "படுத்தே இருக்கிறவங்களை எத்தனை மணிக்கு ஒருக்கா திருப்பிப் போடறீங்க, அதை எங்க எழுதறீங்க, அந்த சார்ட்டைக் காட்டுங்க." ரொம்ப காலமா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்காங்கறதுதான் வழக்கம், மெத்தையையும் ஆளையும் பொறுத்து கொஞ்சம் மாறலாம். சார்ட்ல ஒரே பேனா, ஒரே கையெழுத்து, நாள் பூரா 8, 10, 12, 2ன்னு அச்சடிச்ச மாதிரி இருந்தா மொத்தமா ஒரே நேரத்துல எழுதினதா இருக்கலாம். ஏர் பெட் போட்டாச்சு, திருப்ப வேண்டியதில்லைன்னு யாராவது சொன்னா அது தப்பு, ஏர் பெட்ல இருந்தாலும் திருப்பணும். வீல்சேர்ல உக்கார வெச்சவங்களை இன்னும் சீக்கிரம் நகத்தி உக்கார வெக்கணும். நடுவுல ஓட்டை இருக்கிற வளையக் குஷன் போட்டா சுத்தியிருக்கிற எடத்துல ரத்த ஓட்டம் இன்னும் கெடும், செவந்த எடத்தை மசாஜ் பண்றதும் கூடாது. இந்த ரெண்டையும் அங்க செய்யறாங்கன்னா அவங்களுக்கு ட்ரெய்னிங் இல்லன்னு வெச்சுக்கலாம். புண்ணு வர்ற வாய்ப்பை அளக்க பிரேடன் ஸ்கேல்னு ஒண்ணு இருக்கு, 6லேருந்து 23 வரைக்கும் மார்க், மார்க் குறையக் குறைய ஆபத்து அதிகம், 18க்கு வந்தாலே ஜாக்கிரதையா இருக்கணும். சேக்கும்போது இதை இல்ல இதுமாதிரி வேற ஒண்ணைப் போட்டுப் பாப்பீங்களான்னு கேளுங்க. இப்போ உங்ககிட்ட படுக்கைப்புண்ணோட எத்தனை பேர் இருக்காங்க, அதுல இங்க வந்த பிறகு வந்தது எத்தனைன்னும் தயங்காம கேளுங்க.

சாப்பாடு. மெனு கார்டைப் பாக்காதீங்க, ஊட்டற விதத்தைப் பாருங்க. ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கும் டிமென்ஷியா முத்தினவங்களுக்கும் முழுங்கறதுல சிக்கல் இருக்கும், அவங்களை நல்லா நிமித்தி உக்கார வெச்சு, ஒரு வாய் முழுங்கினாங்களான்னு பாத்துட்டு அடுத்த வாய் குடுக்கணும், சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரமாவது படுக்க வெக்கக்கூடாது. நின்னுக்கிட்டே மேல இருந்து ஸ்பூனைத் திணிக்கிறது, ஒருத்தரே நாலு பேருக்கு மாத்தி மாத்தி ஊட்டறது, தட்டை வெச்சிட்டுப் போய் அரை மணி கழிச்சு அப்படியே எடுத்துட்டுப் போறது, இதெல்லாம் கண்ணால பாத்தா மனசுல குறிச்சுக்கோங்க. தண்ணி கைக்கு எட்டற மாதிரி இருக்கான்னும் பாருங்க.

சாப்பாடு உடம்புல சேருதான்னு சொல்றது எடைதான். மாசத்துக்கு ஒரு தடவையாவது எடை பாத்து எழுதணும். ஒரு மாசத்துல 5 சதவீதம், ஆறு மாசத்துல 10 சதவீதம் தானா குறைஞ்சா அது கவனிக்க வேண்டிய குறைவு, அதாவது 50 கிலோ இருந்தவங்க ஒரே மாசத்துல 47.5 ஆனா டாக்டர் பாக்கணும், வயசாச்சு அப்படித்தான்னு விட்டுடக் கூடாது.

மருந்து விஷயத்துல ரெண்டு கேள்வி. யார் மருந்து குடுக்கறாங்க, குடுத்த உடனே கையெழுத்து போடறாங்களா? யாருக்கெல்லாம் தூக்க மாத்திரையோ அமைதிப்படுத்தற மருந்தோ குடுக்கறீங்க, யார் எழுதிக் குடுத்தது, எப்போ திரும்பப் பரிசீலிச்சாங்க? பகல் பதினொரு மணிக்கு ஹால்ல பாதிப் பேர் தலை தொங்கித் தூங்கிக்கிட்டு இருந்தா இந்த ரெண்டாவது கேள்வியை அழுத்தியே கேக்கணும். 2005ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, டிமென்ஷியா இருக்கிற வயசானவங்களுக்குப் புது வகை ஆன்டிசைகாட்டிக் மருந்து (மனநோய்க்குக் குடுக்கற, ஆளை அமைதிப்படுத்தற மருந்து) குடுத்தா இறப்பு அபாயம் கூடுதுன்னு கடுமையான எச்சரிக்கை போட வெச்சாங்க, 2008ல பழைய வகை மருந்துகளுக்கும் அதே எச்சரிக்கை வந்துச்சு. சில பேருக்கு அந்த மருந்து உண்மையிலேயே தேவைப்படலாம், அதை டாக்டர் யோசிச்சு, குடும்பத்துக்கிட்ட சொல்லி, கொஞ்ச நாளைக்குன்னு குடுக்கணும். ராத்திரி ட்யூட்டிக்கு ஆள் பத்தலைங்கறதுக்காகக் குடுக்கக் கூடாது. அப்புறம் மாத்திரையை எல்லாத்தையும் ஒண்ணா போட்டு நுணுக்கிக் குடுக்கறாங்களான்னு பாருங்க, மெதுவா கரையற மாதிரி செஞ்ச மாத்திரையை நுணுக்கினா நாள் பூராவுக்கான மருந்து ஒரேயடியா உடம்புல ஏறிடும்.

கட்டிப் போடறது இன்னும் நடக்குது. கையைத் துணியால கட்டில்ல கட்டறது, வீல்சேர்ல பெல்ட் போட்டு மணிக்கணக்கா விடறது, எந்திரிக்க முடியாதபடி முன்னாடி டேபிளைத் தள்ளி வெக்கறது, எல்லாமே கட்டிப் போடறதுதான். விழாம இருக்கன்னு சொல்லுவாங்க. கட்டி வெச்சா தசை வலு போகும், புண்ணு வரும், பயமும் ஆத்திரமும் கூடும், அவுத்துக்க முயற்சி பண்ணி மூச்சு திணறின சம்பவங்களும் உண்டு. கட்டிலோட சைட் ரெயில்கூட அப்படித்தான், மெத்தைக்கும் ரெயிலுக்கும் நடுவுல இடைவெளி இருந்தா தலையோ கழுத்தோ சிக்கிக்கும், மேல ஏறித் தாண்டினா இன்னும் உயரத்துலேருந்து விழுவாங்க. நல்ல எடத்துல கட்டிலைத் தரை வரைக்கும் இறக்குவாங்க, பக்கத்துல மெத்தை விரிப்பாங்க, எந்த நேரத்துல எந்திரிக்கிறாங்கன்னு பாத்து அதுக்கு முன்னாடியே பாத்ரூம் கூட்டிட்டுப் போவாங்க.

"போன மாசம் எத்தனை பேர் விழுந்தாங்க?"ன்னு கேளுங்க. இத்தனை பேர் இருக்கிற எடத்துல யாருமே விழலைன்னு சொன்னா அவங்க எண்ணலைன்னு அர்த்தம், இல்ல மறைக்கறாங்க. "மூணு பேர், அதுல ஒருத்தர் ரெண்டு தடவை, அதனால அவங்க பிரஷர் மாத்திரையை டாக்டர் மாத்தினார்"னு சொல்ற எடத்தை நான் நம்புவேன். தலையில அடிபட்டா என்ன செய்வீங்கன்னும் கேக்கணும், ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களுக்குத் தலையில அடிபட்டா வெளிய ஒண்ணும் தெரியாட்டியும் உள்ள ரத்தம் கசியலாம், அவங்களை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும், காலையில பாத்துக்கலாம்னு விடக்கூடாது.

சுத்தத்துல கை கழுவறது முதல். ஒரே கையுறையோட ஒருத்தருக்கு டயப்பர் மாத்திட்டு அப்படியே அடுத்தவங்களைத் தொட்டா எத்தனை கையுறை பெட்டி இருந்தும் பிரயோஜனம் இல்ல. சோப்பு போட்டா 40லேருந்து 60 நொடி, சானிடைசர்னா 20லேருந்து 30 நொடின்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. யூரின் டியூப் போட்டவங்க இருந்தா அந்தப் பை இடுப்புக்குக் கீழ தொங்கணும், தரையைத் தொடக்கூடாது, டியூப் இன்னும் தேவையான்னு யாராவது அப்பப்போ பாக்கறாங்களான்னும் கேளுங்க. குளிக்கிற வெந்நீரை ஊத்தறதுக்கு முன்னாடி சூடு பாக்கறாங்களா? 60 டிகிரி தண்ணி சில நொடியிலயே ஆழமா வேக வெச்சிடும், உணர்ச்சி இல்லாத காலுக்கு அது சூடுன்னே தெரியாது.

ராத்திரிக்கு எத்தனை பேர் முழிச்சு ட்யூட்டி பாக்கறாங்க, எத்தனை பெரியவங்களுக்கு? அதுல நர்ஸ் படிப்பு படிச்சவங்க இருக்காங்களா? இதை மேனேஜர்கிட்ட கேட்டுட்டு அப்புறம் அங்க வேலை பாக்கிற ஒருத்தர்கிட்ட பேச்சோட பேச்சா கேளுங்க, ரெண்டு பதிலும் ஒத்துப்போகுதான்னு பாருங்க. எத்தனை நாளா இங்க வேலை பாக்கறீங்கன்னும் கேளுங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஆள் மாறிக்கிட்டே இருந்தா உங்க அம்மாவுக்கு எந்தப் பக்கம் வலிக்கும், எதுக்குப் பயப்படுவாங்கன்னு அங்க யாருக்கும் தெரியாது. ராத்திரி ரெண்டு மணிக்கு தீ பிடிச்சா நடக்க முடியாதவங்களை யார் எப்படி வெளிய கொண்டுவருவாங்க, அதைக் கடைசியா எப்போ ஒத்திகை பாத்தீங்கன்னு கேட்டு, அவசர வழிக் கதவைத் திறந்தே பாத்துடுங்க. பூட்டு போட்டிருந்தா, இல்ல பழைய கட்டில் அடுக்கியிருந்தா அந்த எடம் வேண்டாம். லைசென்ஸ், கடைசி இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் ரெண்டையும் கேட்டு வாங்கிப் படிங்க, அக்ரிமென்ட்ல எந்தக் காரணத்துக்கு வெளிய அனுப்புவாங்கங்கற பகுதியை மட்டுமாவது ரெண்டு தடவை படிங்க.

சேத்தாச்சு. முதல் நாளே ஒரு நர்ஸோட சேந்து தலை முதல் கால் வரைக்கும் தோலைப் பாத்து எழுதி வெச்சுக்கோங்க, ஏற்கனவே இருக்கிற காயத்தை அவங்க சம்மதத்தோட போட்டோ எடுங்க, அன்னைக்கு எடை, மருந்து லிஸ்ட், கண்ணாடி, பல்செட், மோதிரம்னு எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. அதுக்கப்புறம் போற நாளையும் நேரத்தையும் மாத்தி மாத்திப் போங்க. போகும்போது போர்வையை விலக்கிக் குதிகாலைப் பாருங்க, கூச்சப்படாதீங்க.

பேச முடியாதவங்களுக்கு வலி இருக்கான்னு கண்டுபிடிக்க மூச்சு விடற விதம், முனகல், முகச்சுளிப்பு, கை காலை இறுக்கி வெக்கறது, சமாதானப்படுத்தினா அடங்குதா இல்லையா, இந்த அஞ்சையும் பாக்கணும், நர்ஸுங்க இதுக்குப் பெயினாட்னு ஒரு அளவுகோல் வெச்சிருக்காங்க. நேத்து வரைக்கும் தெளிவா இருந்தவங்க இன்னைக்குத் திடீர்னு குழம்பிப் பேசினா, இல்ல எப்பவும் இல்லாத மாதிரி சோர்ந்து கிடந்தா, அது மறதி கூடினதுன்னு விட்டுடாதீங்க. உள்ள இன்ஃபெக்ஷன், தண்ணி பத்தாம போனது, புது மருந்து, இதுல ஏதாவது ஒண்ணா இருக்க வாய்ப்பு நிறைய, அன்னைக்கே டாக்டர் பாக்கணும்.

கொடுமை நடக்குதான்னு யோசிக்கவே மனசு வராது, ஆனா யோசிச்சுத்தான் ஆகணும். பராமரிப்பு இல்லங்கள்ல வேலை பாக்கிறவங்கள்ல 3ல் 2 பேர், போன ஒரு வருஷத்துல ஏதோ ஒரு விதத்துல மோசமா நடந்துக்கிட்டதா அவங்களே ஒத்துக்கிட்டதா உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கு. மேல்கை ரெண்டுலயும் விரல் பதிஞ்ச மாதிரி கன்னிப்போனது, ஒரு குறிப்பிட்ட ஆள் உள்ள வந்தா பேச்சு நிக்கறது, கையைத் தூக்கினா ஒதுங்கிக்கறது, இதுல எதைப் பாத்தாலும் எழுதி வெச்சுக்கோங்க. ஸ்டாஃப் முன்னாடி கேக்காதீங்க, வீல்சேர்ல வெளிய கூட்டிட்டுப் போய், கையைப் பிடிச்சுக்கிட்டு, அவசரப்படுத்தாம கேளுங்க.

குறை இருந்தா தேதி, நேரம், பாத்தது என்னன்னு எழுதி, முதல்ல அந்த ஷிஃப்ட் நர்ஸ், அப்புறம் மேனேஜர், பதில் இல்லைன்னா லைசென்ஸ் குடுத்த அலுவலகம்னு படிப்படியா போங்க. அடிச்சதோ, பணம் எடுத்ததோ, உயிருக்கு ஆபத்தோ இருந்தா இந்தப் படி எல்லாம் வேண்டாம், நேரா போலீஸ், ஆஸ்பத்திரி. தப்பு நடந்ததை அவங்களே போன் பண்ணிச் சொல்லி, இனிமே என்ன மாத்தறோம்னு சொன்னா ஒரு வாய்ப்பு குடுக்கலாம், டிமென்ஷியா இருக்கிறவங்களுக்கு எடம் மாத்தறதே பெரிய அதிர்ச்சி, அதையும் எடை போட்டுத்தான் முடிவு பண்ணணும். மறைச்சாங்கன்னா நாங்க மாத்தின மாதிரி மாத்திடுங்க. மாத்தற அன்னைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி மருந்து சார்ட், எடை எழுதின தாள், புண்ணு இருந்தா அதோட நீளம் அகலம் ஆழம், கடைசியா எப்போ எந்த மருந்து குடுத்தாங்க, எல்லாத்தோட காப்பியையும் கையில வாங்கிக்கோங்க. எங்களுக்கு அது தெரியல, புது எடத்துல முதல் நாள் ராத்திரி வலி மாத்திரை எப்போ குடுத்தாங்கன்னு தெரியாம, அடுத்த டோஸ் குடுக்கலாமா வேண்டாமான்னு நர்ஸ் தவிச்சுக்கிட்டு இருந்தாங்க, பெரியம்மா விடிய விடிய முனகிக்கிட்டே இருந்தாங்க.